பொதுக் கோப்புறை திறக்க மறுத்தால்

நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் துவக்கப்பெற்றது. அந்நாள் தொட்டு வட்டார அலுவலகங்களில் பெருகிய பதிவேடுகளுக்குக் கணக்கில்லை. தீர்மானப் புத்தகம், வீட்டுவரிக் கேட்புப் பதிவேடு, வேலை மதிப்பீடு, அளவீட்டுப் புத்தகம் என ஒவ்வொன்றும் அலமாரியில் இருந்தது. அலமாரிக்குச் சாவி இருந்தது. சாவி யாரிடம் உள்ளது என்பதும் ஊரறிந்த விஷயமாக இருந்தது. இன்று தருமபுரி மாவட்டத்தின் பத்து ஊராட்சி ஒன்றியங்களிலும் இத்தகைய பதிவுகள் பல கணினியில் ஏறியுள்ளன. பூட்டும் சாவியும் இன்றும் உண்டு. ஆயின் அவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

"சர்வரில் கோப்புறை திறக்கவில்லை, நாளை வாருங்கள்" என்னும் விடையைக் கேட்டுத் திரும்பாத விவசாயி அரிது. கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இதே நிலை வரக்கூடும். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் திட்டம் வகுத்தது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இரண்டு மூன்று கணினிகள் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்வது வழக்கமாகி வருகின்றது. ஆகவே கோப்புறை ஏன் திறக்க மறுக்கின்றது, அதற்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஊராட்சி அங்கத்தினரும் விவசாயப் பெருமக்களும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம். கணினியைத் தாமே பழுது பார்க்க வேண்டுமென்பது இதன் பொருளன்று. சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால், "நாளை வாருங்கள்" என்ற விடை குறையும் என்பது நம் அனுபவம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். அலுவலகத்தில் ஒரு கணினியின் வட்டில் கோப்புகள் யாவும் வைக்கப்பெறுகின்றன. அதுவே சர்வர். மற்ற மேஜைகளிலுள்ள கணினிகள் கம்பி வழியாகவோ, வை-ஃபை வழியாகவோ அதனை அடைந்து, தம் வட்டில் இருப்பதைப் போலவே அக்கோப்புகளைத் திறக்கின்றன. இவ்வாறு பலருக்கும் பொதுவாக்கப்பட்ட இடமே பொதுக் கோப்புறை. இதற்காகக் கணினிகள் தமக்குள் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. விண்டோஸ் இயந்திரங்கள் இம்மொழியைப் பேசுகின்றன. லினக்ஸ் இயந்திரங்களும் சம்பா எனும் செயலியின் துணையால் பேசும். நமது அரிசியை நினைவூட்டும் இப்பெயர், எஸ்.எம்.பி. என்ற மூன்றெழுத்தை நீட்டி ஆஸ்திரேலியரான ஆண்ட்ரு டிரிட்ஜெல் தம் செயலிக்கு இட்டதாகும். அரிசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்று வேறு குறைகள்

"திறக்கவில்லை" என்பது ஒரு குறையன்று. மூன்று வெவ்வேறு குறைகளுக்கு மக்கள் இட்ட ஒரே பெயர். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் மூட்டை வைத்திருக்கும் ஒருவர் அதை எடுக்கச் செல்வதாகக் கொள்வோம். பாலம் உடைந்து கிடங்கிற்கே போக முடியாதிருக்கலாம். போனபின், காவலர் அவரை இன்னாரென அறியாமல் நிறுத்தி வைக்கலாம். இன்னாரென அறிந்தும், "இந்த அறைக்குள் தங்களை விட எனக்கு உத்தரவில்லை" எனலாம். முதலாவது வழிக் குறை. இரண்டாவது அடையாளக் குறை. மூன்றாவது அனுமதிக் குறை. உடைந்த பாலத்திற்குக் காவலரிடம் சண்டையிடுவதில் பயனில்லை.

கணினித் திரையில் தோன்றும் செய்தி இம்மூன்றுள் எது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். "நெட்வொர்க் பாத் நாட் ஃபவுண்ட்" என்றால் வழி இல்லை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மீண்டும் மீண்டும் கேட்டால் அடையாளம் பொருந்தவில்லை. "ஆக்சஸ் இஸ் டினைட்" என்றாலோ, பெரும்பாலும் ஆளை அறிந்தே சர்வர் மறுத்திருக்கின்றது. ஆதலின் செய்தியை எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்வதோ, கைப்பேசியில் படம் பிடிப்பதோ முதற் கடமை. நம் ஊழியர்களோ அந்தப் பெட்டியை உடனே மூடிவிடுவதில் மிகுந்த வேகம் காட்டுகின்றனர்.

வழிக் குறையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கம்பி செருகியுள்ளதா, ஸ்விட்ச் பெட்டியில் அந்தக் கம்பிக்குரிய விளக்கு எரிகின்றதா, அடுத்த மேஜையிலிருந்து திறக்கின்றதா என்று பார்க்க வேண்டும். அடுத்த மேஜையில் திறந்தால் சர்வர் நலமே. மின்தடைக்குப் பின் இக்குறை மிகுதியாக நேர்வதைக் காண்கிறோம். மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் பெட்டி கணினிகளுக்குப் புதிய ஐ.பி. எண்களை வழங்குவதுண்டு, மேஜையிலுள்ள குறுக்குவழியோ பழைய எண்ணைத் தேடி அலையும். சர்வருக்கு மட்டும் மாறாத எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும். மேலும், விண்டோஸ் தான் இருக்கும் வலையமைப்பைப் பொது இடம் என்று கருதிக்கொண்டால் பகிர்வு வாயிலைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனைத் தனி வலையமைப்பு என்று மாற்றியமைத்தல் வேண்டும்.

அடையாளக் குறைக்கு முதற்காரணம் பழைய கடவுச்சொல். கடவுச்சொல்லை மாற்றியவர், கணினி முன்பே நினைவில் பதித்து வைத்த பழையதை மறந்துவிடுகிறார்; கணினி அதையே திரும்பத் திரும்ப நீட்டுகின்றது. கிரெடென்ஷியல் மேனேஜர் என்னும் பகுதியில் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை இட வேண்டும். இன்னொன்று, ஒரே கணினியிலிருந்து ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் செல்ல விண்டோஸ் இசையாது. முதல் இணைப்பைத் துண்டித்துவிட்டே இரண்டாவதைத் தொடங்க வேண்டும். டொமைன் முறையில் அமைந்த அலுவலகங்களில் கடிகாரமும் காரணமாகலாம். கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் அடையாளம் ஏற்கப்படாது. உள்ளே இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்த பழைய கணினியில் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும்; ஊழியரோ கடவுச்சொல்லைப் பத்து முறை தட்டிக்கொண்டிருப்பார்.

பெயரே கூறாமல் விருந்தினராக நுழையும் பழைய வழக்கமும் குறைந்து வருகின்றது. 2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் இவ்வழியைப் பல பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் மூடியது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. "பழைய கணினியில் திறந்தது, புதிதில் திறக்கவில்லை" என்னும் புகார்கள் பலவற்றிற்கு இதுவே காரணம். தீர்வு, ஒவ்வொருவருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கு அமைப்பதேயாகும்.

மதகும் வாய்மடையும்

இனி அனுமதிக் குறைக்கு வருவோம். குழப்பம் மிகுந்ததும் தவறான பரிகாரம் மிகுந்ததும் இதுவே.

விண்டோஸ் சர்வரில் ஒரு கோப்பை அடைய இரண்டு அனுமதிகள் வேண்டும். வாணியாறு அணைப் பாசனத்தைப் பார்த்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. அணையின் மதகு ஒன்று. வயலின் வாய்மடை ஒன்று. மதகில் எவ்வளவு திறந்தாலும் வாய்மடை அடைத்திருந்தால் வயலுக்கு நீரில்லை. வாய்மடை அகலத் திறந்திருந்தாலும் மதகு கால்பங்கு திறந்திருந்தால் கால்பங்கு நீரே வரும். சர்வரில் மதகைப் போன்றது பகிர்வு அனுமதி. கோப்புறைமீது ஷேரிங் என்ற தாளில் இருப்பது. வாய்மடையைப் போன்றது கோப்பு அனுமதி. செக்யூரிட்டி என்ற தாளில் இருப்பது. இரண்டுள் எது குறைவோ அதுவே பயனர்க்குக் கிடைக்கும்.

காசோலை ஒப்பமும் இத்தகையதே. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி நிதியிலிருந்து பணம் வழங்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாக ஒப்பமிட வேண்டும். ஒருவர் எத்துணை மகிழ்வோடு ஒப்பமிட்டாலும் மற்றவர் ஒப்பமின்றி வங்கியில் பணம் கிடையாது.

இதனால் விளையும் குறை ஒன்றை அடிக்கடி காண்கிறோம். "படிக்க முடிகின்றது, எழுத முடியவில்லை" என்பர். செக்யூரிட்டி தாளைப் பார்த்தால் எழுத அனுமதி இருக்கும். அதைப் பார்த்த தொழில்நுட்பர் திகைப்பார். ஆனால் மேம்பட்ட பகிர்வு முறையில் ஒரு கோப்புறையைப் புதிதாகப் பகிரும்போது, மதகில் யாவர்க்கும் படிக்க மட்டுமே அனுமதி தானாக அமைகின்றது. அதை ஒருவரும் மாற்றியிருக்க மாட்டார்கள். எது அடைத்திருக்கின்றது என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. அதே பயனர் பெயரில் சர்வரின் முன்னே நேராக அமர்ந்து அக்கோப்பைத் திறந்து பார்ப்பது. அங்கே மதகு குறுக்கிடாது; வாய்மடை மட்டுமே உண்டு. அங்கே திறந்து, மேஜையிலிருந்து திறக்காவிடில் குறை மதகில். அங்கும் திறக்காவிடில் வாய்மடையைப் பார்க்க வேண்டும். சர்வரில் செருகிய வெளி வட்டைப் பகிர்ந்திருந்தால் ஒன்றை நினைவிற் கொள்க: எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த வட்டில் வாய்மடையே கிடையாது, மதகு ஒன்றே காவல்.

அனுமதியில் "அளி" என்றும் "மறு" என்றும் இருவகை உண்டு. ஒருவர் இரண்டு குழுவில் இருந்து, ஒரு குழுவிற்கு அளித்தும் மற்றதற்கு மறுத்தும் இருந்தால் பொதுவாக மறுப்பே வெல்லும். கணக்குக் குழுவிலுள்ள ஓர் எழுத்தரைத் தற்காலிக ஊழியர் குழுவிலும் சேர்த்து, அக்குழுவிற்கு மறுப்பை இட்டிருந்தால், அவர்க்குக் கணக்குக் கோப்பு அன்றே அடைபடும். விதிவிலக்கும் உண்டு: கோப்பின்மீதே நேராக இட்ட அளிப்பு, மேற்கோப்புறையிலிருந்து வழிவழியாக வந்த மறுப்பை வென்றுவிடும். இத்தகைய சிக்கல்களை எண்ணியே, "மறு" என்பதைப் பயன்படுத்தாமலிருப்பது மேல் என்று நாம் கருதுகிறோம். அளிக்காமல் விட்டாலே போதும், கதவு திறவாது.

குழுவில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்த பின்னும் கோப்புறை திறவாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அவர் காலையில் நுழைந்தபோது பெற்ற அடையாளச் சீட்டோடு இன்னும் அமர்ந்திருப்பதுதான். புதிய குழுவின் பெயர் அச்சீட்டில் இராது. ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் திறந்துகொள்ளும். இதற்காகத் தொழில்நுட்பரைத் தருமபுரியிலிருந்து அரூருக்கு வரவழைத்த அலுவலகமும் உண்டு.

வேர்மண்ணோடு வந்த கோப்பு

ஓர் ஊராட்சியில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஊரின் பெயர் வேண்டியதில்லை. வீட்டுத் திட்டத்தில் தம் பெயர் உள்ளதா என்று கேட்டு வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் மூன்று முறை வந்து திரும்பினார். பட்டியல் பொதுக் கோப்புறையில் இருந்தது. பெயரும் கண்ணுக்குத் தெரிந்தது. தட்டினால் "ஆக்சஸ் டினைட்" என்றது. அதே கோப்புறையிலுள்ள மற்றக் கோப்புகள் யாவும் திறந்தன. பட்டியலைத் தயாரித்த எழுத்தர் பயிற்சிக்குச் சென்றிருந்தார். அம்மையாரோ, தம் பெயரை மறைக்கவே இவ்வாறு செய்கின்றனர் என்று எண்ணிவிட்டார். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

காரணம் இதுதான். எழுத்தர் பட்டியலைச் சர்வரிலேயே தமக்கெனத் தனியாக உள்ள கோப்புறையில் தயாரித்து, முடிந்ததும் வெட்டி எடுத்துப் பொதுக் கோப்புறையில் ஒட்டினார். ஒரே வட்டிற்குள் ஒரு கோப்பை இடம் பெயர்த்தால், அது பழைய இடத்தின் அனுமதிகளைத் தன்னோடு சுமந்து வருவதுண்டு. வேர்மண்ணோடு பெயர்த்து நட்ட மாங்கன்று போல. நகல் எடுத்து ஒட்டினாலோ, அது புது நிலத்தில் விழுந்த விதை. அந்த இடத்தின் அனுமதிகளையே பெறும். எழுத்தர் பெயர்த்தார்; ஆகவே கோப்பு பொது இடத்தில் இருந்தும் அவர் ஒருவர்க்கே உரியதாக இருந்தது. சர்வரின் நிர்வாகி அக்கோப்பின் அனுமதிகளை மேற்கோப்புறையிலிருந்து பெறுமாறு மாற்றினார்; சில விநாடிகளில் திறந்தது. அம்மையாரின் பெயர் பட்டியலில் இருந்தது.

இடமாற்றல் உத்தரவுகள் இதைவிடப் பெரிய தொல்லை தருவன. ஓர் ஊழியர் மாறிச் சென்றதும் அவர் கணக்கை நீக்கிவிடுகின்றனர். கோப்பின் உரிமையாளர் என்னும் இடத்தில் அவர் பெயர் மறைந்து, எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் நிற்கும். தந்தை காலமான பின்னும் அவர் பெயரிலேயே கிடக்கும் பட்டா போன்றது அது. அதே பெயரில் புதிய கணக்கைத் தொடங்கினாலும் எண் வேறாகிவிடுமாதலால் பயனில்லை. சர்வரின் நிர்வாகி உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பின் உரியவர்க்கு அனுமதி அளிக்க வேண்டும். இதைத் தவிர்க்க வழி, அனுமதியை ஆளின் பெயருக்கு அளியாது பதவிக்குரிய குழுவிற்கு அளிப்பது. ஊராட்சிச் செயலர்கள் என்று ஒரு குழு. கணக்கர்கள் என்று ஒரு குழு. மாறிச் செல்பவரைக் குழுவிலிருந்து எடுத்து, வருபவரைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

அனுமதிக் குறை போலத் தோன்றி அனுமதிக் குறையாகாத ஒன்றும் உண்டு. கோப்பு திறக்கும், படிக்க மட்டுமே என்று கூறும், வேறொருவர் திறந்து வைத்துள்ளார் என்றும் சொல்லும். அவரை மூடச் சொன்னால் போதும். அவர் கணினி மின்தடையில் அணைந்திருந்தால் சர்வரிலுள்ள அந்தத் திறப்பை நிர்வாகி மூடிவிடலாம்.

எல்லார்க்கும் எல்லாம் திறந்தால்

இக்காரணங்களுள் எதையும் தேடாது, பலர் கைக்கொள்ளும் ஒரு பரிகாரம் உண்டு. "எவ்ரிஒன்" என்பதைத் தேர்ந்து, "ஃபுல் கன்ட்ரோல்" என்பதை மதகிலும் வாய்மடையிலும் இட்டுவிடுவது. உடனே திறந்துவிடும், எல்லோரும் மகிழ்வர். மதகை மட்டும் அகலத் திறந்து வைத்து, வாய்மடையில் அளவு வைப்பது நல்ல நிர்வாகிகளும் பின்பற்றும் முறையே. அதனைக் குறை கூறவில்லை. இரண்டையும் திறந்துவிடுவதே தவறு. வரி கேட்பைத் திருத்தவும், தீர்மானத்தில் ஒரு வரியைச் சேர்க்கவும், பட்டியலில் ஒரு பெயரை அழிக்கவும் அன்று முதல் அலுவலகத்திலுள்ள யாவரும் வல்லவராகின்றனர். யார் செய்தார் என்பதும் எளிதில் தெரியாது.

வெளியார் தீங்கும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டி, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. அது பெரிய நகரங்களோடு நிற்கவில்லை. கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும், பத்தனம்திட்டை மாவட்டத்தில் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் அம்மாதமே அதற்கு இரையாயின. எஸ்.எம்.பி. மொழியின் மிகப் பழைய முதற் பதிப்பிலிருந்த ஓர் ஓட்டை வழியாக அது கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதை இடாத கணினிகளே மாட்டின. இவ்வகைத் தீநிரல்கள் பல, கணினியில் நுழைந்த பின் அங்கே அமர்ந்திருப்பவரின் அனுமதியையே பயன்படுத்துகின்றன. அவர் எந்தெந்தப் பொதுக் கோப்புறையில் எழுதக்கூடுமோ அவை யாவும் பூட்டப்படும். ஒருவர்க்குப் படிக்க மட்டுமே அனுமதி இருந்த இடம் அவர் வழியாகப் பூட்டப்படாமல் தப்பும்.

பழைய நகலெடுக்கும் இயந்திரம் வைத்துள்ள அலுவலகங்கள் இங்கே விழிப்போடிருக்க வேண்டும். தாளை ஸ்கேன் செய்து நேராகக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய இயந்திரங்களிற் சில, முதற் பதிப்பு மொழியை மட்டுமே அறியும். 2017-இன் இறுதி முதல் விண்டோஸ் அம்மொழியைத் தானாக நிறுவுவதில்லை. இயந்திரம் வேலை செய்ய வேண்டுமென்று அதனைச் சர்வரில் மீண்டும் சேர்க்கச் சிலர் யோசனை கூறுவர். ஏற்க வேண்டாம். இயந்திரத்தின் மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்கலாம். இயலாவிடில் பென் டிரைவில் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். சிறிது நேரம் கூடுதலாகும், அவ்வளவே.

யார்க்கு எவ்வளவு என்பதை ஊராட்சிக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்தல் தகும். கணினித் தொழில்நுட்பரிடம் விட்டுவிடும் விஷயமன்று இது. கூட்டம் நிறைவேற்றிய தீர்மானங்கள் உள்ள கோப்புறை, ஒப்பமான பின் யாவர்க்கும் படிக்க மட்டுமே என்றிருக்கலாம். வரிக் கணக்கில் எழுதும் அனுமதி அதை எழுதுபவர்க்கு மட்டும் போதும். அங்கத்தினர்க்குப் படிக்கும் அனுமதி அளிப்பதால் எத்தீங்கும் இல்லை; சில அலுவலகங்களில் இதற்கும் தயக்கம் காட்டுவது ஏனென்று நமக்கு விளங்கவில்லை.

இவ்வனுமதிகள் யாவும் அலுவலகத்துள் யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதைப் பற்றியவை. குடிமகனின் உரிமை இவற்றால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதிவுகளைப் பார்வையிடவும் நகல் பெறவும் மனுச் செய்யலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். சட்டம் விலக்கியவை நீங்கலாக, மறுக்கும் அதிகாரம் கணினிக்கு இல்லை. "சர்வர் அனுமதிக்கவில்லை" என்று ஒருவர் கூறினால், "யாருக்கு அனுமதி உள்ளது? அவர் எப்போது வருவார்?" என்று பணிவுடன் கேட்க விவசாயிக்கு முழு உரிமை உண்டு. ஓர் அச்சுப் பிரதியைத் தர ஒருவரேனும் ஒவ்வொரு வேலைநாளிலும் அலுவலகத்தில் இருக்குமாறு குழுவை அமைப்பது அலுவலகத்தின் பொறுப்பு.

தொழில்நுட்பரை அழைக்க நேர்ந்தால், எந்தக் கணினி, எந்தப் பயனர் பெயர், எந்தக் கோப்பு, திரையில் வந்த செய்தி என்ன, நேற்று வரை திறந்ததா, இடையே கடவுச்சொல், இயந்திரம், ஊழியர் இவற்றுள் எது மாறியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுக. அனுமதிகளை மாற்றுமுன் இருந்த நிலையைப் படம் பிடித்து வைக்கச் சொல்லுக. மாற்றிய தேதியையும் மாற்றியவர் பெயரையும் ஒரு சிறு பதிவேட்டில் எழுதி, அப்பதிவேட்டைப் பழைய அலமாரியிலேயே பூட்டி வைக்கலாம்.